எங்களைப் பற்றி

எங்கள் பங்குக் கோயிலுக்கு இணையதளம் வந்துவிட்டது. கோயிலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புதுச்சேரிக்காரர்கள் சிலர் ஊகித்துவிடுவீர்கள், ஊகித்தவர்கள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சம்பா கோயில் மாதிரியோ கப்ஸ் கோயில் மாதிரியோ சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கோயில் அல்ல இது. சிலுவை வடிவில் கட்டிய சின்னக் கோயில். ஞாயிறு காலை இரண்டு பூசை, சனிக்கிழமை மாலை நவநாள், வருஷத்துக்கு ஒரு தேர். அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் எதற்கு இணையதளம் என்று என் வயதுக்காரர்கள் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. ரோமாபுரியே 1995 கிறிஸ்துமஸ் அன்று இணையதளம் திறந்துவிட்டது. அதற்காக வைத்த மூன்று கணினிகளுக்கு ரஃபாயேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயரையே சூட்டினார்கள். போப்பாண்டவர் வீட்டில் முப்பது வருஷமாக இருப்பது நம் வீட்டுக்கு வந்தால் என்ன?

தளத்தைச் செய்து கொடுத்தவர் எங்கள் பங்கில் வளர்ந்த பையன், சென்னையில் கணினி வேலை. காசு வாங்கவில்லை. அழகாகவே செய்திருக்கிறார். திறந்தவுடன் தேர்பவனி இரவில், சீரியல் விளக்குப் போட்ட கோயிலை மேலிருந்து ட்ரோனில் எடுத்த படம். அப்புறம் பங்குச்சாமியின் படம், ஆயரோடு அவர் நிற்கும் படம், முந்தைய பங்குச்சாமிகளின் பட்டியல், அன்பியங்கள், நன்கொடைக்கு ஒரு கட்டம் கட்டமான சதுரம். செல்போனைக் காட்டினால் பணம் போய்விடும். மேலே மூன்று மொழி: ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ். ஆங்கிலத்தைத் தொட்டால் ஆங்கிலம் வரும். தமிழைத் தொட்டால் 'விரைவில்' என்று வரும். ஞாயிறு இரண்டு பூசையும் தமிழில் நடக்கிற கோயில் இது!

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த 'விரைவில்' சும்மா வந்ததல்ல. இந்தத் தளம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. கோயில் தெருவில் இருப்பவனுக்குப் பூசை நேரம் தெரியும். மணி அடித்தால் கேட்கும். தளம் பேசுவது சார்செல்லிலும் லா கூர்னேவிலும் இருக்கிற நம்மவர்களோடு. அவர்களுக்கு ஞானஸ்நான நகல் வேண்டும். தாத்தா பாட்டியின் திருமணப் பதிவு வேண்டும். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் காகிதம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடிக் கிடைத்தால் நன்றியாகக் கொஞ்சம் அனுப்புவார்கள். பங்குக்கும் கூரை ஒழுகுகிறது. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் மேரியில் குமாஸ்தாவாக இருந்தவன். 1971-இல் சேர்ந்தபோது பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எதா சிவில் பதிவேடுகள் இருந்த பக்கம் தள்ளிவிட்டார்கள். எலி கடித்ததும் செல்லரித்ததுமான பெரிய பெரிய புத்தகங்கள். 'கோப்பி எந்தெக்ரால்' என்று கேட்டு வருபவர்களுக்குப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால்தான் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "ஐயா, 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம். கோயில் வரலாறு. இங்கிலீஷ்ல தம்பி எழுதிட்டார். நீங்க பிரெஞ்சுல போட்டுக் குடுங்க. தமிழ் மெதுவா பாத்துக்கலாம்."

வேலையை ஒப்புக்கொண்ட பிறகு பல நாள் சாயங்காலம் மற்ற கோயில்களின் தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? பிரான்சில் ஒரு சாமியார் பல ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஞாயிறு எந்த ஊரில் பூசை என்று தளத்தில் பார்த்தால்தான் தெரியும். அங்கத்தியத் தளங்கள் பெரும்பாலும் வருகிறவனின் தேவையில் தொடங்குகின்றன. குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்கிறீர்களா, இங்கே தொடுங்கள். வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா, இந்த எண்ணுக்குப் பேசுங்கள். கட்டடத்தின் பெருமை எங்கோ கடைசியில் இருக்கும். நம்மவர்களுடைய தளங்கள் கட்டடத்தில் தொடங்குகின்றன. கோபுரம் எத்தனை அடி, மணி எந்த ஊரிலிருந்து வந்தது, யார் மந்திரித்துத் திறந்து வைத்தார். பெந்தெகொஸ்தே சபைகளில் முதலில் போதகரும் அவர் மனைவியும் சேர்ந்து சிரிக்கும் படம், அடுத்து ஜெபத்துக்குப் போன் நம்பர். அந்த நம்பரில் யாராவது எடுக்கவும் செய்கிறார்கள் என்று என் மருமகள் சொல்கிறாள். நம் பங்கு அலுவலக எண்ணில் எடுப்பார்களா என்பது வேறு கதை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கொடியேற்ற அழைப்பிதழ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற தளங்களும் உண்டு. இரண்டு மாற்றலுக்கு முன் போன சாமியார் இன்னும் பங்குத்தந்தையாகவே இருக்கிறார். கரும்பலகையில் இப்படி நடக்காது. மழை வந்தாலே பழைய எழுத்து அழிந்துவிடும்.

அந்தக் காலத்தில் கோயில் தன்னைச் சொல்லிக்கொண்ட விதங்களை நினைத்துப் பார்க்கிறேன். மணி முதலாவது. துக்க மணி விட்டு விட்டு அடிக்கும்போது தெருவில் நடக்கிறவன் நின்று சிலுவை போட்டுக்கொள்வான். வாசலில் கரும்பலகை, அதில் உபதேசியார் கையெழுத்து. பூசை முடிவில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு. திருவிழாவுக்கு ரோஸ் நிறக் காகிதத்தில் நோட்டீஸ். அப்புறம் உபயம். சலவைக்கல்லில் உபயம், பெஞ்சின் முதுகில் உபயம், மின்விசிறியின் இறக்கையில் உபயம். விசிறி சுற்றும்போது யார் கொடுத்தது என்று தெரியாது, நிறுத்தினால் தெரியும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு விஷயம் சொல்லப்படவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அப்போது இருக்கவில்லை. கண்ணெதிரே இருந்தது.

எங்கள் கோயில் சிலுவை வடிவம் என்றேனே, சிலுவைக்கு இரண்டு கைகள் உண்டு. வடக்குக் கை சேரி சனங்களுக்கு. அதற்குத் தனிக் கதவு. அந்தக் கைக்கும் நடுக்கோயிலுக்கும் இடையே இடுப்பு உயரத்துக்கு மரக் கிராதி. நன்மை வாங்கவும் அவர்கள் கடைசியில்தான் வருவார்கள். எங்கள் குடும்பம் நடுவில் உட்கார்ந்த குடும்பம். சின்ன வயதில் எனக்கு அது தூண் இருப்பது போல, பீடம் இருப்பது போல. கிராதியும் இருந்தது.

இது எங்கள் கோயிலில் மட்டும் நடந்ததல்ல என்பது படித்தவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் இரண்டு பிரிவினரும் தனித்தனியே உட்கார இரண்டு கால் விரித்தாற்போல் கோயிலே கட்டினார்கள். நடுச்சுவரைப் பிற்பாடு இடித்தார்கள். நம் புதுச்சேரியில் இன்னும் பழைய சாட்சி இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். அன்றைய சம்பா கோயிலுக்குள்ளே பறையர் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுவர் இருந்தது. அவர்கள் போய்ச் சாமியாரிடம் முறையிட, சுவரை எடுக்கச் செய்தார். மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்குப் போனார்கள். அந்தக் கோயில் கட்டடமே இன்றில்லை, 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்தபோது போய்விட்டது. சுவர் மட்டும் நாட்குறிப்பில் நிற்கிறது. கவனியுங்கள், எழுதிய பிள்ளை கிறிஸ்தவர் அல்ல. வைணவர், பின்னாளில் துப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷாக இருந்தவர். கோயிலுக்குள் நடந்ததைப் பக்கத்துத் தெருக்காரர் எழுதி வைத்துத்தான் நாம் படிக்கிறோம்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தம்பி எழுதிய ஆங்கில வரலாறு ஏழு பக்கம். பாரிஸ் வேதபோதக சபைச் சாமியார் ஒருவர் கோயில் கட்டிய கதை, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பணம் கொடுத்த பெரிய மனிதர்களின் பெயர்கள், பின் வந்த சாமியார்கள், வெள்ளி விழா, பொன்விழா. நடுவில் இரண்டு வாக்கியம். 'ஊர் மக்கள் அனைவரும் ஒரே குடும்பமாய் இணைந்து எழுப்பிய ஆலயம்' என்று ஒன்று. 'இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ஆலயத்தின் உட்பகுதி புதுப்பிக்கப்பட்டது' என்று மற்றொன்று. தம்பிக்கு முப்பது வயதுகூட இல்லை. பழைய விழா மலர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். மலர்களில் அப்படித்தான் இருக்கிறது.

அந்த 'உட்பகுதி புதுப்பிப்பு' எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினேழு பதினெட்டு வயது. லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்தது. சுவரைப் பார்த்திருந்த பீடத்தை சனங்களைப் பார்த்துத் திருப்பினார்கள். அந்த வேலையோடு வேலையாக, ஒரு வாரநாளில், கிராதியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் தரையில் திட்டுத் திட்டாக வேறு நிறம், அவ்வளவுதான். ஆனாலும் வடக்குக் கை சனங்கள் வடக்குக் கையிலேயே நின்றார்கள். மரம் இல்லாத கிராதி இன்னும் பல வருஷம் இருந்தது. வடக்குக் கதவை எப்போது அடைத்தார்கள் என்று ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஃபாதரிடம் பழைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, பிரெஞ்சில் எழுதியது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் பீரோவில் கிடந்தது. அதை எனக்குக் கொடுத்தார். பணம் கொடுத்தவர்களின் பெயர் தொகையோடு இருக்கிறது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் பெயர் இருக்கிறது. மண் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், இவர்களுக்குப் பெயர் இல்லை, தலைக்கணக்கு மட்டும். இன்று கூலி ஆண் இத்தனை பேர், பெண் இத்தனை பேர். யார் அந்த வேலைக்குப் போயிருப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே.

பிரெஞ்சில் போடுவதற்கு முன் ஒரு தமிழ் நகல் எடுத்துச் சிலரிடம் படிக்கக் கொடுத்தேன். மறைக்கல்வி டீச்சரிடமும் ஒன்று. நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பவர். என் பேத்திக்கும் அவர்தான் புதுநன்மைக்குத் தயார் செய்தார். அவருடைய அம்மா கோயில் பெருக்கிக்கொண்டிருந்தவர். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து நகலைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, ஏழு பக்கமும் படிச்சேன். நல்லா இருக்கு. எங்க அம்மா நின்ன இடம் எதுலயும் இல்லையே."

காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை.

பங்குப் பேரவையில் நானே எடுத்துப் பேசினேன். ஒரு பக்கம் முழுக்க வேண்டாம், இரண்டு மூன்று வரி போதும் என்றேன். எதிர்ப்பு வரும் என்று தெரியும். என் வயதுப் பெரியவர் ஒருவர், சின்ன வயதில் என்னோடு பீடத்துக்கு உதவி செய்தவர், "ஏம்பா, மல்லாக்கப் படுத்துக்கிட்டு நாமே துப்பிக்கணுமா? பிரான்ஸ்லேர்ந்து பாக்குறாங்க, நாளைக்கு எவனாவது இதைப் படம் பிடிச்சுப் போடுவான்" என்றார். இந்தப் பதிலுக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். நான் எதிர்பாராதது அடுத்து வந்தது. வடக்குக் கைப் பக்கத்துப் பையன் ஒருவர், வங்கியில் வேலை, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், எழுந்து சொன்னார்:

"ஐயா, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா நாங்க எந்தப் பக்கம் நின்னோம்னு எழுதி வெச்சா என் பொண்ணும் அதைப் படிக்கும். அவ கிளாஸ்ல இருக்கறவங்களும் படிப்பாங்க. அந்த வெப்சைட்ல அவ பாடற வீடியோவும் இருக்கு. எங்களுக்கு வேணாம்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நடுவில் உட்கார்ந்த குடும்பத்துக்காரன், வடக்கே நின்றவர்களின் பேரனைப் பார்த்து, உன் நன்மைக்குத்தான் எழுதுகிறேன் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். பதில் சொன்னது டீச்சர்.

"எழுதலேன்னா மட்டும் உன் பொண்ணுக்குத் தெரியாமப் போயிடுமா? கல்லறைக்குப் போனா நடுவுல அரைச் சுவர் இருக்கு. 'இது என்னப்பா'ன்னு கேக்கும். நீ என்ன சொல்லுவ?"

"அதை நான் சொல்லிக்கறேன் டீச்சர். வெப்சைட் சொல்ல வேணாம்."

"எங்க அம்மா பெருக்கின கோயில் இது. ஒரே குடும்பமா கட்டினாங்கன்னு மட்டும் எழுதினா, அது எங்க அம்மாவைப் பொய்யாக்குது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கூரை ஒழுகலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மேரியில் இருந்தபோது பிறப்புப் பதிவேடுகளில் ஓரக்குறிப்பு என்று ஒன்று பார்ப்போம். குழந்தை பிறந்த அன்று எழுதியதை யாரும் திருத்தக்கூடாது, அது அப்படியே நிற்கும். ஆனால் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள். பின்னாளில் அவனுக்குத் திருமணம் ஆனால் அங்கே எழுதுவார்கள், மணமுறிவு ஆனாலும் எழுதுவார்கள், கோர்ட்டு பெயரைத் திருத்தினால் அதையும் எழுதுவார்கள். நகல் கேட்டு வருபவர்கள் சிலர், "ஓரத்துல இருக்கறது வேணாம் சார், நடுவுல இருக்கறது மட்டும் குடுங்க" என்பார்கள். முடியாது. முழு நகல் என்றால் ஓரமும் சேர்த்துத்தான்.

அடுத்த வாரம் ஃபாதர் ஒரு வழி சொன்னார். 'ஒரே குடும்பமாய்' வாக்கியத்தை எடுத்துவிடுவது. வடக்குக் கையைப் பற்றி டீச்சரே எழுதுவது, அவர் அம்மாவைப் பற்றியதாக. யாரைப் பற்றியும் பொதுவாக இல்லை. பொதுவாக எழுதினால்தானே அந்தப் பையனின் மகள் மேல் விழும் என்பது ஃபாதரின் கணக்கு. வயதில் சின்னவர், யோசித்திருக்கிறார். கீபோர்டு பையனிடமும் தனியாகப் பேசியிருக்கிறார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வழக்கம்போல வாசித்தார்.

டீச்சர் எழுதியது நான்கு வரி. அம்மா விடியற்காலையில் வந்து கோயில் முழுவதையும் பெருக்குவார், நடுக்கோயிலையும் சேர்த்து. பூசை தொடங்கும்போது கிராதிக்கு வடக்கே போய் நின்றுகொள்வார். கிராதியை எடுத்த பிறகும் அங்கேதான் நின்றார். அவர் இறந்தபோது அடக்கப் பூசைக்குச் சவப்பெட்டியை நடுவில் வைத்தார்கள். இவ்வளவுதான். சாதிப் பெயர் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. திருத்த ஒன்றுமில்லாமல் எழுதியிருந்தார்.

தமிழ்ப் பக்கத்தில் 'விரைவில்' போய் முதலில் ஏறியது அந்த நான்கு வரிதான். மீதி வரலாறு தமிழில் இன்னும் ஏறவில்லை.

பிரெஞ்சில் போடும்போது 'கிராதி' என்னை இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டது. முதலில் 'பாலுஸ்த்ராது' என்று எழுதினேன். அது மாளிகை மாடியின் கைப்பிடிச் சுவர் மாதிரி, அழகுக்கு வைத்தது போல ஒலிக்கிறது. 'கிரீய்' என்றால் இரும்புக் கம்பி வந்துவிடும். கடைசியில் 'பாரியேர்' என்று போட்டேன். தடுப்பு. ரயில்வே கேட்டுக்கும் அதே சொல்தான், பரவாயில்லை. பெரியவருக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு தெரியும், படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் சாயங்கால நடைக்கு வரவில்லை. நான்காம் வாரம் வந்தார், மழையைப் பற்றிப் பேசினோம்.

போன மாதம் பங்கு அலுவலகத்துக்கு ஒரு போன். அன்று எடுத்தும் விட்டார்கள். சார்செல்லிலிருந்து பேசியவர், அவருடைய அப்பா எங்கள் ஊர்தானாம், இறந்துவிட்டார். வடக்குக் கதவு என்று அப்பா அடிக்கடி சொல்வாராம், அது இருக்கிறதா, படம் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். எந்தக் குடும்பம் என்று சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கதவு இருக்கிறது. உள்பக்கம் அதை மறைத்து இரும்பு பீரோ ஒன்று நிற்கிறது, திருவிழா டியூப்லைட்டும் சீரியல் விளக்கும் வைப்பது. கணக்கு நோட்டும் அதில்தான் கிடந்தது. நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது, கீபோர்டு பையனும் ஒரு பக்கம் பிடித்தார். டீச்சர் செல்போனில் படம் எடுத்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது, திறக்க முடியவில்லை. கொல்லரை வரச் சொல்லியிருக்கிறது. படத்தைத் தளத்தில் ஏற்றத் தெரிந்தவர் சென்னைத் தம்பி ஒருவர்தான், கல்லறைத் திருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.